குட்டை டாஃபடில்களும் ஜெபமணி மதினியும்

"மொதல்ல சாம்பார்ல போட்டா. இப்ப டம்ளர்ல போட்டா. நாளைக்கு நம்மளக் குழியில போட்டு, அதுமேலயும் பூ வைப்பா இவ."

இதுதான் மேடம் என் மதினி சொன்னது. ஒரு வார்த்தை கூட்டவில்லை, ஒரு வார்த்தை குறைக்கவில்லை. விடிந்ததிலிருந்து இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள். ஜீப்பில் தூக்கிப் போடுகிற வரைக்கும் சொன்னாள். காலில் ரத்தம் கொட்டுகிறது, துண்டை வைத்துக் கட்டுகிறார்கள், அப்போதும் வாய் நிற்கவில்லை. சாம்பார், டம்ளர், குழி.

உட்காருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், அதற்குக் கால் போய்விட்டது. இந்த முக்காலியில் உட்காருங்கள். நீங்கள் தோட்டச் சங்கத்து நடுவர்தானே? கழுத்தில் அட்டை தொங்குகிறதே. சொன்ன நேரத்துக்கு வந்திருக்கிறீர்கள். எனக்கு அது பிடிக்கும். எங்கள் கான்வென்டில் மணி அடித்தபின் வந்தால் வெயிலில் முட்டி போட வேண்டும். என் வீட்டுக்காரரையும் அவர் அக்காவையும் ஒரு மாதம் அந்த சிஸ்டர்களிடம் விட்டிருந்தால் இன்றைக்கு இந்தக் கூத்து நடந்திருக்காது.

பாத்தியைத்தானே பார்க்கிறீர்கள்? அதுதான். கிழங்குப் பூக்கள் பிரிவு, என் பெயர் ஹில்டா அருள்மணி, சரி பார்த்துக்கொள்ளுங்கள். நேற்று சாயங்காலம் வந்திருந்தால் நீங்கள் நின்ற இடத்தைவிட்டு நகர்ந்திருக்க மாட்டீர்கள். இப்போது மண்வெட்டி போட்டுப் புரட்டிக் கிடக்கிறது. பன்றி புகுந்த மாதிரி என்று நினைப்பீர்கள். பன்றி புகுந்தால் இவ்வளவு ஆகாது. பன்றிக்கு வயிறு நிறைந்தால் போய்விடும்.

அங்கே ஓரத்தில் ஒரு கொத்து கிடக்கிறது பாருங்கள், மஞ்சள் இதழ் பின்னால் மடங்கி, நடுவில் கிண்ணம் ஆரஞ்சாக. அது ஜெட்ஃபயர். அதன் கிண்ணம்தான் ஆரஞ்சு. இதழில் இருக்கிற சிவப்பு பூவினுடையது இல்லை. அதையும் பூ நிறம் என்று எழுதிவிடாதீர்கள், சங்கத்தில் சிரிப்பார்கள்.

முதலிலிருந்து சொல்கிறேன். அப்போதுதான் மதிப்பெண் போட உங்களுக்கு வசதி.

குன்னூரில் டாஃபடில் வைக்கிறேன் என்று எல்லாரும் கிளம்புவார்கள், யாருக்கும் எதை வைப்பது என்று தெரியாது. நான் ஒரு கோடை முழுக்க அதற்கே செலவழித்தேன். நெட்டை ஜாதி இங்கே ஆகாது. கீழ்ரோட்டில் பிரிகேடியர் வீட்டம்மா நெட்டையாக வைத்தார். பூத்த மறுநாள் காற்றடித்தது, அத்தனையும் குப்புற விழுந்து சேற்றில் மூஞ்சியைப் புதைத்துக் கிடந்தன, சாராயக்கடை வாசலில் கிடப்பவன் மாதிரி. குட்டை ஜாதி நிற்கும். ஒரு சாண், மிஞ்சினால் ஒன்றரைச் சாண். காற்று அதன் தலைக்கு மேலே போய்விடும். அதிலும் எல்லாக் குட்டையும் ஒத்துவராது. டெட்-ஆ-டெட் ஒரு தண்டில் ரெட்டைப் பூ விடும், எங்கே வைத்தாலும் பிழைக்கும், ஆனால் எல்லார் வீட்டிலும் அதுதான். மினோ சின்னதிலும் சின்னது, பால் நிறத்தில் கொத்தாக வரும், நம் ஊர்க் குளிருக்குப் போதும். ஜெட்ஃபயருக்கு ஈரம் வேண்டும். எனக்கு உயிர் என்றால் ஹவேரா. எலுமிச்சை மஞ்சள், ஒரே தண்டில் நாலைந்து பூ தலையைக் குனிந்துகொண்டு நிற்கும். குனிந்து நிற்கிறதே என்று பயந்த பூ என்று நினைக்காதீர்கள். மழையைக் கழுத்தில் வாங்காமல் முதுகில் வாங்குகிற பூ அது.

நான் இதையெல்லாம் சாப்பாட்டு மேஜையில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். என் வீட்டுக்காரர் மீன் முள் எடுத்துக்கொண்டிருக்கிறார். அவர் அக்கா ஜெபமணி, நான் மதினி என்று கூப்பிடுவேன், திருநெல்வேலிப் பக்கம், ஆறடிக்குக் கொஞ்சம்தான் குறைச்சல், அவள் கேட்கிறாள்: "ஏட்டி, பூவுலயும் ஒனக்குக் குட்டைதானா?"

அவர் சிரித்தார். முள்ளை எடுத்து ஓரத்தில் வைத்துவிட்டுச் சிரித்தார்.

என் கல்யாணத்தன்று சர்ச் வாசலில் நின்று இவள் கேட்டது என்ன தெரியுமா? "பொண்ணு நிக்கிதா, உக்காந்திருக்கா?" அதற்கும் அவர் சிரித்தார். அதை நான் இப்போது சொல்ல வரவில்லை. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பூவைப் பற்றித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

முழங்கால் வைத்தியம் என்று இரண்டு வாரத்துக்கு வந்தவள் அவள். முழங்கால் என்றைக்கோ சரியாகிவிட்டது. இன்று காலை மண்வெட்டியைத் தூக்கி அடித்த அடியைப் பார்த்தீர்களானால் முழங்காலில் ஒரு குறையும் இல்லை என்று நீங்களே எழுதிக்கொடுப்பீர்கள்.

கிழங்கு காஷ்மீரிலிருந்து பார்சலில் வந்தது. வந்ததும் நட்டுவிட முடியாது. நம் குன்னூர்க் குளிர் நமக்குக் குளிர், அதற்குக் குளிரில்லை. ஒரு பனிக்காலம் முடிந்துவிட்டது என்று கிழங்கை ஏமாற்ற வேண்டும். ஏமாற்றுவது என்றால் ஃப்ரிட்ஜில் வைப்பது. கீழே காய்கறித் தட்டில், பல வாரம். அதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது மேடம், உங்களுக்குத் தெரிந்திருக்கும். பக்கத்தில் ஆப்பிள் இருக்கக்கூடாது. பழத்திலிருந்து ஒரு வாயு வரும், கிழங்குக்குள் தூங்குகிற பூ உள்ளேயே செத்துவிடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. இலை வரும், பூ வராது.

மதினியின் மகன் ஒரு பெட்டி ஆப்பிள் கொண்டுவந்து வைத்திருந்தான். எடுத்துவிடுங்கள் என்று நல்லபடியாகச் சொன்னேன். எடுக்கவில்லை. இரண்டாம் முறை சொன்னேன். "எம்மவன் வாங்கியாந்தது, அங்கதான் இருக்கும்" என்றாள். மூன்றாம் முறை நான் சொல்வதில்லை. எங்கள் சிஸ்டர்களும் சொல்ல மாட்டார்கள். ஒவ்வொன்றாக எடுத்து அந்தக் கல்சுவரில் அடித்தேன். நல்ல ஆப்பிள்தான், அடிக்கும்போது சத்தம் நன்றாக வந்தது. மண்டை உடைகிற மாதிரி. பழமெல்லாம் தீர்ந்தபிறகு கத்தரிக்காய், கேரட், எல்லாவற்றையும் வெளியே கூடையில் கொட்டிவிட்டுத் தட்டைத் துடைத்துக் கிழங்கை வைத்தேன். வலைப்பையில்தான் வைக்க வேண்டும், காற்றோட்டம் வேண்டும்.

ஆமாம், சின்ன வெங்காயம் விற்கிறார்களே, அந்த மாதிரி வலைப்பைதான். உங்கள் முகம் போகிற போக்கு எனக்குப் புரிகிறது. பேர் எழுதித்தான் வைத்தேன் மேடம். ஒவ்வொரு பைக்கும் அட்டை. ஜாதிப் பேர், லத்தீன் பேர், இரண்டும். என் கையெழுத்தைப் பார்த்துவிட்டு மதர் சுப்பீரியரே பரிசு கொடுத்திருக்கிறார். மதினிக்கு இங்கிலீஷ் படிக்க வராது என்றால் அது என் கையெழுத்தின் குற்றமா?

ஹவேரா கிழங்கும் சின்ன வெங்காயமும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ரெட்டைப் பிள்ளைகள். தோல்தான் வித்தியாசம். விஷயம் தெரிந்தவர்களுக்குச் சொல்கிறேன், இந்தக் கிழங்கை முள்ளம்பன்றி தொடாது. டூலிப்பைத் தோண்டித் தின்னும், உருளைக்கிழங்கைத் தின்னும், இதை மோந்துவிட்டுப் போய்விடும். காட்டெருமை வேலியை மிதித்துக்கொண்டு வந்து என் ரோஜாவை எல்லாம் மேயும், இதில் வாய் வைக்காது. அடியிலிருந்து நுனி வரை விஷம். வெட்டிய பூவை மற்ற பூவோடு ஒரே ஜாடியில் வைத்தால் மற்ற பூ ராத்திரியோடு தொங்கிவிடும். எனக்கு அதனால்தான் இந்தப் பூவைப் பிடிக்கும். பார்த்தால் பாப்பா மாதிரி இருக்கும், யாரும் தொட்டுவிட முடியாது.

வீட்டில் சொன்னீர்களா என்று கேட்கிறீர்கள். வாயால் கேட்கவில்லை, கண்ணால் கேட்கிறீர்கள். முள்ளம்பன்றிக்கு யாராவது சொன்னார்களா?

அன்றைக்கு நான் வெளியே, அடுக்களை ஜன்னலுக்கு நேரே, இலைமக்கு சலித்துக்கொண்டிருந்தேன். ஒரு பங்கு இலைமக்கு, ஒரு பங்கு ஆற்றுமணல், தண்ணீர் நிற்கவே கூடாது, நின்றால் ஐப்பசி மழையில் கிழங்கு கூழாகிவிடும். ஜன்னலுக்கு உள்ளே மதினி உட்கார்ந்து உரித்துக்கொண்டிருந்தாள். ஃபேன் காற்றில் தோல் பறக்கிறது. வெங்காயத் தோல் என்றால் செக்கச்செவேலென்று பறக்கும். இது பழுப்பாகப் பறந்தது. எனக்கு இந்த வயதிலும் கண்ணாடி கிடையாது மேடம், ஊசியில் நூல் கோர்ப்பேன். ஏதோ உரிக்கிறாள், உரிக்கட்டும் என்று சலித்துக்கொண்டிருந்தேன். எட்டிப் பார்த்தால் "அடுப்படியில என்னத்த வேவு பாக்க?" என்பாள். எதற்கு வம்பு?

அவர் இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நான் வைத்த சாம்பாரை அவர் இரண்டாம் தடவை கேட்டதே கிடையாது. "அக்கா, வெங்காயம் லேசா கசக்குல்லா" என்றார். "புதுக்காய் அப்படித்தாம்ல இருக்கும், தின்னு" என்றாள். நான் தயிர் ஊற்றிக்கொண்டேன். அவள் வைக்கிற சாம்பாரை நான் தொடுவதில்லை. ஊருக்கே தெரியும். என்றைக்கும் தொடாதவள் அன்றைக்கும் தொடவில்லை, அவ்வளவுதான். இப்போது என்னமோ அன்றைக்கு மட்டும்தான் தொடவில்லை என்கிற மாதிரிப் பேசுகிறார்கள்.

கை கழுவப் போனவர் அங்கேயே வாந்தி எடுக்க ஆரம்பித்தார். அப்புறம் அவள். வாந்தி என்றால் சாதாரண வாந்தி இல்லை. குடலைக் கையால் பிடித்து முறுக்கிப் பிழிகிற மாதிரி. அவள் நடையில் விழுந்தாள், அவர் அவள்மேல் விழுந்தார். வாயில் நுரை. கூடமெல்லாம், என் பிரம்பு சோபாவெல்லாம், கர்த்தர் படத்துக்குக் கீழே இருக்கிற சுவரெல்லாம். நான் என்ன வேடிக்கை பார்த்துக்கொண்டா நின்றேன்? நான்தான் பக்கத்து வீட்டு லிங்கராஜைக் கூப்பிட்டு ஜீப்பில் ஏற்றினேன். போகிற வழியில் ஒரு நிமிஷம் ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்தேன். ஹவேரா பை காலி. மொத்தமும். மினோ தப்பித்தது, ஜெட்ஃபயர் தப்பித்தது. உருண்டையாக, ஒரே அளவாக இருந்ததையே பார்த்துப் பொறுக்கி எடுத்திருக்கிறாள் பாவி.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சின்னப் பெண். என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்டாள். நார்சிசஸ், ஹவேரா ஜாதி, உள்ளே லைகோரின் என்று ஒரு விஷம் இருக்கும், உயிர் போகாது, வயிற்றைக் காலி பண்ணிவிடும் என்றேன். எழுத்துக்கூட்டியும் சொன்னேன். அந்தப் பெண் எழுதிக்கொண்டே, "நல்லவேளை உங்களுக்குத் தெரிஞ்சுது ஆன்ட்டி" என்றது. ஸ்ட்ரெச்சரில் கிடந்த மதினி கண்ணைத் திறந்தாள். தம்பி கையைப் பிடித்தாள். "பாத்தியாலே அருளு. பேரோட சொல்லுதா. விஷத்துக்குப் பேரோட சொல்லுதா."

படித்ததற்கு இதுதான் கூலி.

அவர்களைப் படுக்க வைத்துவிட்டு நான் வீட்டுக்கு வந்தேன். சாம்பார்ச் சட்டியில் கையை விட்டு அரைவேக்காடாகக் கிடந்த கிழங்கையெல்லாம் பொறுக்கி, புளியையும் மஞ்சளையும் கழுவி, நிழலில் உலர்த்தினேன். அடித்தட்டு வேகாமல் இருந்தால் வேர் விடும், யார் கண்டது. இரண்டாம் நாள் திரும்பி வந்தவர்கள் பார்த்த முதல் காட்சி அதுதான். நான் தட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தேன். மதினி வந்து தட்டை ஒரு உதை உதைத்தாள். நான் எழுந்து அவளை ஒரு அறை அறைந்தேன். எட்டாது, ஸ்டூலில் ஏறித்தான் அறைந்தேன். அவர் நடுவில் வந்து நின்றுகொண்டு, "ஹில்டா, நாங்க செத்துப் பொழச்சு வந்திருக்கோம்" என்றார். அது எனக்குத் தெரியாதா? நான்தானே பில் கட்டினேன்.

அன்றையிலிருந்து அவர் என் கையால் சாப்பிடுவதில்லை.

அதை எழுதிக்கொள்ளுங்கள் மேடம். அந்தத் தாளில் அதற்குக் கட்டம் இல்லாவிட்டால் ஓரத்தில் எழுதுங்கள். செப்டம்பரிலிருந்து, இது பிப்ரவரி, ஒரு வாய் சோறு என் கையால் இறங்கவில்லை. மதினி கரண்ட் அடுப்பு ஒன்று வாங்கி அவள் அறையிலேயே வைத்துக்கொண்டாள். கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு பேரும் சாப்பிடுவார்கள். சாப்பிடுமுன் ஜெபம். எனக்குக் கேட்கவேண்டும் என்றே உரக்க ஜெபிப்பாள்: "கர்த்தாவே, இந்த வீட்டுச் சத்துருவின் கைக்கு எங்க போஜனத்த விலக்கிக் காத்தருளும்." அவர் ஆமென் சொல்வார். அந்த ஆமென்தான் மேடம். அவள் ஆயிரம் சொல்லட்டும். அவர் ஆமென் சொல்கிறார்.

நான் விடவில்லை. தினமும் சமைத்தேன். அவருக்குப் பிடித்த நெத்திலி அவியல், வெந்தயக்குழம்பு, கறிவேப்பிலைத் துவையல். தட்டு வைத்து மூடி வைப்பேன். சாயங்காலம் மூடியைத் திறந்தால் வைத்தபடி இருக்கும். எடுத்துப்போய் எருக்குழியில் கொட்டுவேன். ஒரு நாள் மூடியைத் திறந்தால் ஒரு கவளம் குறைந்திருந்தது. சாப்பிட்டுவிட்டார் என்று நினைத்தேன். பார்த்தால் பூனைக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார். ஜன்னல் வழியாகப் பூனையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாராம். பூனை நன்றாகத்தான் இருந்தது. அப்படியும் அவர் சாப்பிடவில்லை. நான் அந்தத் தட்டைத் தூக்கி அவர்மேல் எறிந்தேன். புருவத்தில் பட்டது. மூன்று தையல். தட்டில் குழம்பும் இருந்தது, அதுவும் என் தப்பாகிவிட்டது.

இருக்கட்டும். பூவுக்கு வருகிறேன். அக்டோபரில் மீதிக் கிழங்கை நட்டேன். கிழங்கின் உயரம் எவ்வளவோ அதைப்போல மூன்று பங்கு ஆழம். பச்சை எரு ஒரு பிடி கூடாது. ஜனவரி கடைசியில் மூக்கு வெளியே வந்தது. முந்தாநாள் பூத்தது. மினோ பாறை ஓரத்தில், ஜெட்ஃபயர் நடுவில். விடிகாலையில் போய் நின்றேன். பக்கத்து வீட்டு லிங்கராஜ் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "அக்கா, இவ்ளோ சின்னப் பூவுக்கா அவ்ளோ பெரிய சண்டை?" என்றான். எனக்கு அப்போது ஒன்றுதான் தோன்றியது. நீங்கள் வருவீர்கள், எனக்குப் பரிசு சொல்வீர்கள், சங்கத்து ஹாலில் என் பெயரைக் கூப்பிடுவார்கள். அவர் கீழே உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் இருப்பவர்கள் அவர் கையைக் குலுக்குவார்கள், உங்க மிஸஸ் கை ராசியான கை சார் என்பார்கள். ராசியான கை. அதைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து ஒரு மனுஷன் தட்டைத் தள்ளிவிட முடியுமா?

அதற்காகத்தான் நேற்று ராத்திரி நாலு பூ வெட்டி வைத்தேன். நீங்கள் வரும்போது கூடத்தில் ஒரு ஜாடியாவது இருக்கவேண்டும். டாஃபடிலை வெட்டினதும் ஜாடியில் வைக்கக்கூடாது. தண்டிலிருந்து கோழை வடியும். தனித் தண்ணீரில் ஒரு ராத்திரி நிறுத்தி, கோழை வடிந்தபிறகுதான் ஜாடிக்கு மாற்றவேண்டும். பெரிய பூவுக்குச் செம்பு போதும், வாளி போதும். என் பூவை வெட்டினால் தண்டு ஒரு விரல் நீளம். செம்பில் போட்டால் முழுகிவிடும். வீட்டில் அந்த உயரத்துக்கு இருந்தது அவர் பிரஷர் மாத்திரை போடுகிற எவர்சில்வர் டம்ளர் ஒன்றுதான். அதில் வைத்தேன். காலையில் பூவை எடுத்து ஜாடிக்கு மாற்றினேன். டம்ளர் மேஜைமேல் இருந்தது.

தண்ணீரோடு இருந்தது. கொட்டவேண்டும் என்றுதான் இருந்தேன். பாத்திக்குப் போய் இலையிலிருந்த பனியைத் தட்டிவிட்டு வந்து கொட்டலாம் என்று போனேன். பார்ப்பதற்குத் தண்ணீர் தண்ணீராகத்தான் இருந்தது. கொஞ்சம் வழுவழுப்பு, அவ்வளவுதான். அவர் எழுந்து வந்து மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டு டம்ளரைத் தூக்கியிருக்கிறார். அரை வருஷமாக என் கையால் ஒன்றும் தொடாதவர், யார் ஊற்றின தண்ணீர் என்று கூடப் பார்க்காமல் தூக்கியிருக்கிறார். மதினி பார்த்துவிட்டாள். டம்ளரைத் தட்டிவிட்டாள். அது போய்ச் சுவரில் மோதின சத்தம் கேட்டுத்தான் நான் திரும்பினேன்.

அப்புறம்தான் அந்தப் பேச்சு. மொதல்ல சாம்பார்ல போட்டா. இப்ப டம்ளர்ல போட்டா.

பேசிக்கொண்டே வெளியே வந்தாள். பேசிக்கொண்டே மண்வெட்டியை எடுத்தாள். ஒரு வெட்டு, ஜெட்ஃபயர் அடியோடு போயிற்று. இன்னொரு வெட்டு. கிழங்கு இரண்டாகப் பிளந்தால் உள்ளே வெள்ளையாக, அடுக்கு அடுக்காக இருக்கும் மேடம், தண்ணீர் வடியும். அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. மண்ணை வெட்டுகிற சத்தம் வேறு, கிழங்கை வெட்டுகிற சத்தம் வேறு. என் கையில் களைக்கொத்து இருந்தது, இதோ இந்த மூன்று பல் கொத்து. நான் அடிக்கவில்லை. நான் பாத்தியில்தான் குத்தினேன், அவள் மண்வெட்டியைத் தடுக்க. அவள் பாதம் அங்கே இருந்தது. செருப்புக்கு மேலே மூன்று பல்லும் இறங்கிவிட்டது. கத்தினாள் பாருங்கள், எதிர்மலை திரும்பிக் கத்தியது. இழுத்தேன், வரவில்லை. திருகி இழுத்தேன், வந்தது. மறுபடி குத்தினேன் என்று லிங்கராஜ் சொல்கிறான். அவன் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றவன், அவனுக்கு எப்படித் தெரியும்? ஒரு தடவையா இரண்டு தடவையா என்று அந்த நேரத்தில் யார் பார்க்கிறார்கள்?

அவர் ஓடி வந்தார். என் முடியைப் பிடித்து இழுத்தார். முப்பது வருஷத்தில் என்மேல் கை வைத்தவரில்லை. கன்னத்தில் வைத்தார். இந்த வீக்கம் அதுதான், குளவி கொட்டியதில்லை. நான் அவர் கையைக் கடித்தேன். தோல் என் பல்லில் வந்தது. இந்த நாற்காலியை எடுத்து அவர் ஓங்கினார், நான் விலகினேன், அது தூணில் பட்டது. இரண்டு பேரும் ஒரு நிமிஷம் நின்று மூச்சு வாங்கினோம். அவர் கையிலிருந்து ரத்தம் சொட்டுகிறது. கட்டுகிறேன், கொடுங்கள் என்றேன். நிஜமாகத்தான் சொன்னேன். கையைப் பின்னால் மறைத்துக்கொண்டார், சின்னப் பிள்ளை மாதிரி.

"இனிமே ஒங்கையால இந்த ஒலகத்துல எவனாவது பச்சத்தண்ணி குடிப்பானா, ஹில்டா?" என்றார்.

கத்தவில்லை. மெதுவாகத்தான் கேட்டார். கேட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைத் தாழ்போட்டுக்கொண்டார். பீரோ திறக்கிற சத்தம் கேட்டது. பெட்டியில் துணி வைக்கிறார். ஆஸ்பத்திரியில் அக்காவுக்குக் கட்டுப்போட்டதும் மத்தியானம் தூத்துக்குடிக்கு, அவள் மகன் வீட்டுக்கு. அவளை ஜீப்பில் கொண்டுபோன லிங்கராஜிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார், என்னிடம் சொல்லவில்லை. போனால் வரமாட்டார் மேடம். அவருக்குத் திரும்பி வருகிற பழக்கம் கிடையாது. டீ ஃபேக்டரி வேலையை ஒரு நாள் கோபத்தில் விட்டுவிட்டு வந்தவர், மேனேஜர் வீடு தேடி வந்து கூப்பிட்டும் போகவில்லை.

நீங்கள் ஏன் எழுந்திருக்கிறீர்கள்? இன்னும் பாத்தியைச் சரியாகப் பார்க்கவில்லையே. பாறை ஓரத்தில் மினோ கொத்து ஒன்று அப்படியே நிற்கிறது, மண்வெட்டி அதுவரை போகவில்லை. பூ வாடினபிறகு இலையை வெட்டக்கூடாது, முடிச்சும் போடக்கூடாது, தானாக மஞ்சளாகிச் சாயவேண்டும், அப்போதுதான் அடுத்த வருஷத்துப் பூ கிழங்குக்குள் உட்காரும். இதெல்லாம் தெரிந்துதான் வளர்த்தேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். பரிசு வேண்டாம். வேண்டாம் என்றே சொல்கிறேன். அட்டைப்பெட்டியில் ஒரு வெள்ளிக்கோப்பை, அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? எனக்கு வேறு ஒன்று செய்யுங்கள்.

இருங்கள், இதோ வந்துவிடுகிறேன். போய்விடாதீர்கள்.

இந்தாருங்கள். காபிதான். பாலை உங்கள் காதுக்குக் கேட்கத்தான் பொங்கவிட்டேன், டிகாக்‌ஷன் இப்போது இறக்கினது. சர்க்கரை ஒரு ஸ்பூன். கையில் மண் இருந்தது, சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவிவிட்டேன். வாங்கிக்கொள்ளுங்கள். ஜன்னல் பக்கம் திரும்பி நில்லுங்கள், ஆமாம், அந்தப் பச்சைத் திரை. திரை அசைகிறது பாருங்கள், அங்கேதான் நிற்கிறார். நீங்கள் வந்ததிலிருந்து நிற்கிறார். பூனையைப் பார்த்த மாதிரி பார்த்துக்கொண்டு நிற்கிறார். உங்களைப் பார்த்தால் படித்தவர், வெளியூர்க்காரர், எனக்கு உறவில்லை, அவருக்கு அக்கா இல்லை. நீங்கள் குடித்தால் அவர் நம்புவார். முழுவதும் வேண்டாம். ஒரு வாய். விழுங்குகிறது அவருக்குத் தெரிகிற மாதிரி ஒரே ஒரு வாய்.

கோப்பையைக் கீழே வைக்காதீர்கள். அவர் பார்க்கிறார்.

குடியுங்கள் மேடம்.

மேடம், குடியுங்கள்.